இரண்டாவது கட்டில்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, இருமல், தூக்கம் வராத தொல்லை எதுவானாலும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மூக்குக்கண்ணாடிக்காரரின் கதையைக் கேளுங்கள்.

மனிதர் தனிக்கட்டை. முன்புறம் கடை, பின்புறம் ஒரே அறை, அதில் இரண்டு கட்டில். படுப்பதென்னவோ ஒன்றில்தான். ஆனால் காலையில் எழுந்ததும் இன்னொரு கட்டிலின் விரிப்பைக் கசக்கி, தலையணையில் ஒரு குத்துவிட்டுப் பள்ளமாக்கிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். பார்க்க ஈ காக்கை கிடையாது. பழக்கதோஷம்.

பாதி ஆயுளுக்கு அவரோடு அங்கே இருந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஊரைப் பொறுத்தவரை வாடகையைப் பங்கு போட்ட சிநேகிதர்கள். உள்ளே கணவன் மனைவி எப்படியோ அப்படி. டிரைவரின் தங்கை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாள். முதலில் கட்டிலைத்தான் பார்ப்பாள். அவளுக்காகத்தான் அந்தக் கசக்கல்.

டிரைவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அந்தத் தங்கையின் மகள் தன் தாய்மாமனைப் பற்றி நாவல் எழுதுகிறாள். எல்லாம் கண்ணாடிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். அவள் இவரையும் "மாமா" என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று ஒரு அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள். அதில் ஒரே கட்டில்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"எடுத்துட்டேன் மாமா. கதையிலயாவது ரெண்டு பேரும் பயமில்லாம தூங்கட்டுமே. எழுதறவளுக்கு அந்தச் சுதந்திரம்கூடவா இல்ல?"

அவர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"அப்பல்லாம் அவன்தான் கசக்குவான். கசக்கிட்டு, 'பாரு, உன் குறட்டை தாங்காம நம்ம விருந்தாளி ராத்திரி பூரா புரண்டிருக்கான்'ம்பான். கட்டிலை எடுத்துட்டா அந்தச் சிரிப்பு எங்க போகும்? நீ எழுதினது நல்லாத்தான் இருக்கு. ஆனா அது யாரோ ரெண்டு பேரு."

"சரி, நடந்ததை நடந்தபடியே எழுதறேன். அப்படின்னா கடைசி அத்தியாயமும் அப்படித்தான். மாமா போன அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? எங்க வீட்டுல பார்த்த ஞாபகமே இல்லையே."

"வாசல்ல. செருப்பெல்லாம் கிடந்துச்சே, அதுக்குப் பக்கத்துல. உங்கம்மா வந்து, 'வெளி ஆளுங்கல்லாம் கிளம்பலாம்'னாங்க. அவன் முகத்தைக்கூடப் பார்க்கல. கிளம்பிட்டேன்."

அவள் குறிப்பெடுத்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இதையும் இப்படியே எழுதணுமா மாமா?"

அவர் தெருவைப் பார்த்தார். ஒரு பஸ் போயிற்று.

"கட்டில் ரெண்டும் இருக்கட்டும். அன்னைக்கு மட்டும் என்னை உள்ள கூட்டிட்டுப் போயிடும்மா. அவன் தலைமாட்டுல கொஞ்ச நேரம்."

"அம்மா படிச்சா, இப்படி நடக்கவே இல்லைன்னு சண்டைக்கு வருவாங்களே!"

"வரட்டுமே. நடக்கலைங்கிறதை அவங்க வாயாலயே சொல்லட்டும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே எழுத ஆரம்பித்தாள்.

"தலைமாட்டுல நிக்கிறீங்களா மாமா, நாற்காலி போடட்டுமா?"

"போடு, போடு. சீக்கிரம் எழுந்திருக்க மாட்டேன்."

மறுநாள் காலை வழக்கம்போல விரிப்பைக் கசக்கினார். "நல்லாத் தூங்கினியாடா?" என்று தலையணையைக் கேட்டார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கடை திறக்கப் போனார்.

உங்களில் யாராவது இப்படி வாசலோடு திரும்பியிருக்கிறீர்களா? உங்கள் கதையில் அந்த நாளை அப்படியே விடுவீர்களா, நாற்காலி போடுவீர்களா? இரண்டு வரியானாலும் எழுதிப் போடுங்கள்.