பதினான்காம் எண்ணுக்கு நேரே

மார்ல்ஃபோர்டில் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடி, டீ குடித்துவிட்டு, செத்துப்போனவர்களைப் பற்றி உயிரோடிருப்பவர்கள் சண்டை போடுவார்கள். 1999-ஆம் வருஷம் அவர்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி ஒரு புத்தகம் போடக் கிளம்பினார்கள். முதல் பக்கத்துக்கு 1938-இல் எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்திருந்தது. வெண்ணெய் விற்கும் பழைய கூடத்தின் முன்னால் புதன்கிழமைச் சந்தை, இருபத்திரண்டு முகங்கள்.

அதை நூலகத்தில் மாட்டினார்கள். பக்கத்தில் ஒரு மெல்லிய தாளில் தலைகளை மட்டும் கோடாக வரைந்து எண் போட்டு, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். யாரைத் தெரிகிறதோ அவர் பெயரை எண்ணுக்கு நேரே எழுதலாம். ஆனால் ஒரு பெயருக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சில் ஏறும். போன புத்தகத்தில் கசாப்புக்கடைக்காரர் மனைவியைப் பாதிரியார் மனைவி என்று போட்டு, இரண்டு குடும்பமும் சங்கத்தை வறுத்தெடுத்த பிறகு வந்த விதி அது.

எட்னா ப்ளாக்கெட்டுக்கு எழுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். மூன்று வாரமாக நூலகத்துக்கு வந்து, பதினான்காம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பென்சிலைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பினாள். கோழிக் கூடைகளுக்குப் பின்னால் தலையைச் சாய்த்துச் சிரித்தபடி நின்றவள் லெட்டி, எட்னாவின் அக்கா. இரண்டு பேருக்கும் ஒரே முகஜாடை.

படம் எடுத்தபோது லெட்டிக்குப் பத்தொன்பது. அந்த வருஷக் கடைசியில் வயிற்றில் பிள்ளையோடு நின்றாள். யார் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. அம்மா அடிக்கவுமில்லை, அழவுமில்லை. டாக்டரை வரவழைத்து, புத்தி சரியில்லை என்று எழுதி வாங்கி, முப்பது மைல் தள்ளியிருந்த மனநோய் விடுதியில் கொண்டுபோய் விட்டாள். வந்த கையோடு லெட்டியின் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டாள்.

"இனிமே இந்த வீட்ல ஒரே பொண்ணுதான். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றாள் எட்னாவிடம்.

எட்னா அப்படியே சொன்னாள். ஊரும் தெரிந்தும் தெரியாததுபோல இருந்துகொண்டது. மார்ல்ஃபோர்டுக்கு அது கைவந்த கலை. குழந்தை தங்கவில்லை. லெட்டி பதினோரு வருஷம் கழித்து அங்கேயே காசநோயில் போய்ச் சேர்ந்தாள். எட்னா ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

இந்தப் படத்தைச் சங்கத்துக்குக் கொடுத்ததே லெட்டியின் சிநேகிதி ஃப்ளோரிதான். கொடுக்குமுன் எட்னாவைத் தேடி வந்தாள்.

"லெட்டி பேர நான் எழுதறேன். நீ ஒரு கையெழுத்துப் போடு, போதும்."

"போனவள எதுக்குடி இப்ப கிளறணும்?"

"நல்லா இருக்குடி நீ சொல்றது. உயிரோட இருந்தப்பவே அவள மூடி வெச்சவங்கதானே நீங்க" என்றாள் ஃப்ளோரி. கோபத்தில் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். படத்தை நூலகத்தில் மாட்டும் முன்பே, பிப்ரவரியில், அவளும் இறந்துவிட்டாள்.

நான்காவது வாரம் எட்னா ஒரு முடிவோடு போனாள். அக்கா பெயரை எழுதாமல் வீடு திரும்புவதில்லை. பென்சிலை எடுத்துக் குனிந்தால், பதினான்குக்கு நேரே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: மிஸ் எட்னா ப்ளாக்கெட். கீழே ஆறு கையெழுத்து.

சங்கச் செயலாளர் டெரெக் சம்னர் முகமெல்லாம் பல்லாக வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"உங்களக் கண்டுபிடிச்சுட்டோம் மிஸ் ப்ளாக்கெட். இந்தச் சிரிப்ப இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"அது நான் இல்ல. எங்க அக்கா. லெட்டி."

"உங்களுக்கு அக்காவா?"

அவள் சொன்னாள். டாக்டர், விடுதி, அடுப்பு எல்லாவற்றையும், நூலகம் என்பதால் மெதுவான குரலில் சொன்னாள். டெரெக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஞானஸ்நானப் பதிவேட்டுல பேரு இருக்கும், பாத்துடலாம். ஆனா படத்துல நிக்கறது அவங்கதான்னு இன்னொருத்தர் சொல்லணுமே. யாராவது இருக்காங்களா?"

எட்னா மனசுக்குள் ஊரைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தாள். லெட்டியைத் தெரிந்த எல்லாரும் சர்ச் கல்லறையில் இருந்தார்கள்.

"ஃப்ளோரி சொல்லியிருப்பா."

"அவங்க இருந்தப்பவே சொல்லியிருக்கலாமே நீங்க."

"அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க."

"அம்மா எப்பத் தவறினாங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை மனிதர். எதற்கும் வருஷம் கேட்பது அவர் பழக்கம்.

"ஐம்பத்தெட்டுல" என்றாள் எட்னா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "அதுக்கப்பறம் நாப்பத்தோரு வருஷம் நான்தான் மறைச்சிருக்கேன். அம்மா இல்ல, நான்."

"பேசாம உங்க பேரே இருக்கட்டுமே. ப்ளாக்கெட்ங்கற குடும்பப் பேராவது நிக்கும். ஆறு பேர் போட்டிருக்காங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் டெரெக்.

"ஒரே பொண்ணுன்னு சொல்லிச் சொல்லி அவ இடத்துலதான் இத்தன வருஷம் இருந்துட்டேன். அவ முகத்தையும் நான் எடுத்துக்கணுமா? அழிச்சுடுங்க."

அவர் ரப்பரால் அழித்தார். ஆறு கையெழுத்தையும் அழித்தார். அந்த இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"மாத்தினதுக்கு ஒரு கையெழுத்து வேணும், மிஸ் ப்ளாக்கெட். மன்னிக்கணும்."

எட்னா கையெழுத்துப் போட்டாள்.