வெட்டிய ரீலும் ஞாயிற்றுக்கிழமைப் புலியும்

நல்லூர் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் வேலுமணி ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளாடாக இருந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, குளித்து, சாப்பிட்டுப் படுப்பார். விடியும்போது கொம்பு முளைத்திருக்கும். திங்கட்கிழமை காலையில் பால்காரர் மணி அடிக்கையில் மறுபடியும் மனிதராகிச் சட்டையைத் தேடுவார். வார விடுமுறையில் மட்டுமே இது நடந்ததால் கம்பெனி எதுவும் சொல்லவில்லை. அவசர ஷிப்மெண்ட் இருந்த வாரங்களில் மேனேஜர் கொஞ்சம் முகம் சுளித்ததோடு சரி. வேலுமணியின் மனைவி சித்ராதேவி, ராஜபாளையம் பக்கத்திலிருந்து டெய்லர் வேலைக்கு வந்த இடத்தில் அவரைக் கட்டிக்கொண்டவள். கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமையே விஷயத்தைப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு முளை அடித்தாள். ஊரே கறி எடுக்கிற நாள் என்பதால், கம்பெனி அடையாள அட்டையையும் ஆட்டின் கழுத்தில் மாட்டிவிட்டாள். போட்டோவில் இருந்தவருக்கும் ஆட்டுக்கும் ஒரே தாடி. கறிக்கடைக்காரர் அட்டையைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

செக்கிங் பிரிவில் இருந்த ஆஷா இதை நாவலாக எழுதினாள். மொழிபெயர்ப்பு நாவல்களைக் கம்பெனி பஸ்ஸிலேயே படித்து முடிக்கிறவள் அவள். எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதினாள். சென்னைப் பதிப்பாளர் அட்டையில் ‘மாயப் புனைவு’ என்று போட்டார். நல்லூரில் அதைப் படித்தவர்கள் புள்ள உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வேலுமணிக்கு மட்டும் ஒரு சின்னக் குறை. “அகத்திக்கீரைன்னு எழுதிப்புட்டே கண்ணு. எனக்கு வேலங்காய்தான் உசுரு” என்றார். அடுத்த பதிப்பில் திருத்துவதாக ஆஷா ஒப்புக்கொண்டாள். அடுத்த பதிப்புக்கு முன்னால், 2007இல், நாவலை வைத்து எடுத்த படம் வந்துவிட்டது.

படத்தில் நல்லூர் ஒரு கோட்டையாக இருந்தது. பனியன் கம்பெனி அரண்மனையாகவும், கட்டிங் மாஸ்டர் தளபதியாகவும், அவர் கத்திரி வாளாகவும் மாறியிருந்தன. ஆடு கதாநாயகனுக்கு ஒத்துவராது என்று டைரக்டர் அதைப் புலியாக்கியிருந்தார். தளபதியின் மனைவிக்கு இரண்டாம் பாதியில் வேலை எதுவும் இல்லாததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புலியே அவளைத் தின்றுவிடுகிறது. அந்தத் துக்கத்தில் தளபதி விடியற்காலை மனிதனாகி எதிரியின் கோட்டைக்குப் போகிறான். ஆஷா சென்னைக்குப் போய், நிஜத்தில் அந்த அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துச் சொன்னாள். டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். மனைவி நன்றாக இருந்தால் வீட்டுக்காரன் எதற்காகச் சண்டைக்குப் போகப்போகிறான் என்று திருப்பிக் கேட்டார். ஆஷா அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

வேலுமணி சித்ராதேவியோடு திருப்பூரில் முதல் வாரமே படம் பார்த்தார். அவர் பதினாறு வருஷமாக அப்ரூவல் ஆன சாம்பிளைப் பார்த்துத் துணி வெட்டுகிறவர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஓகே செய்து அனுப்பிய சாம்பிள் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் மொத்த உருப்படியும் இருக்க வேண்டும். ஒருமுறை சாம்பிள் தைத்தவர் தூக்கக் கலக்கத்தில் பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துவிட்டார். பையர் அதற்கும் ஓகே சொல்லிவிட்டதால், ஒரு தேசமே ஒரு கோடைக்காலம் முழுக்கச் சில்லறையைத் தெருவில் சிந்திக்கொண்டு திரிந்தது. வேலுமணியைப் பொறுத்தவரை நாவல் முதல் சாம்பிள். படம் என்பது பெரிய இடத்தில் பார்த்து, மாற்றம் சொல்லி, ஓகே ஆகி வந்தது.

“என்னங்க, ஒரு மாதிரியா வாரீக?” என்று பஸ் ஸ்டாப்பில் சித்ராதேவி கேட்டாள்.

“அப்ரூவல் ஆயிப்போச்சே புள்ள” என்றார் வேலுமணி.

திங்கட்கிழமை அவருடைய கத்திரிக்கு வாளின் கைப்பிடி முளைத்திருந்தது. வெட்டுவதற்கு அது இன்னும் தோதாகவே இருந்தது. கூரான சாமான்களை மேஜையோடு சங்கிலியில் கட்டிவைக்க வேண்டும் என்பது ஆடிட் விதி. அதனால் சூப்பர்வைசர் நீளமான சங்கிலி ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பின்கட்டில் புலி நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. முளையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் தானே போய் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. சித்ராதேவி வேலங்காயை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கறிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் வரிசையை விலக்கி முதலில் அவளுக்குப் போட்டுக் கொடுத்தார்.

படத்தில் மனைவி சாகும் முன்னால் ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டுக்குள் மூன்று வாரம் ஓடிவிடும். அதுவரை புலி சாதுவாக இருக்கும். ஆகவே சித்ராதேவிக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று நல்லூர் முழுவதும் தெரிந்திருந்தது. பெண்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். சிலர் பூ வாங்கி வந்தார்கள். அதே கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு ஆத்தப்பன், வெளியூர் போய்விட்டால் என்ன என்று யோசனை சொன்னார். அதுவும் படத்தில் இருந்தது. மனைவி அப்பா வீட்டுக்கு ஓடுகிறாள், புலி அங்கேயும் வந்துவிடுகிறது.

“என்னையக் கடிக்கணும்னு ஒங்களுக்கு ஆசையா?” என்று ஒரு நாள் வேலுமணிக்குச் சோறு போடும்போது சித்ராதேவி கேட்டாள்.

“அட, என்ற கையில என்ன இருக்குது புள்ள? அன்னிக்கு அந்தப் பாக்கெட்டு தலைகீழா இருக்குதுன்னு எனக்குத் தெரியாமயா வெட்டுனேன்?” என்றார் வேலுமணி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சித்ராதேவி ரசத்தை ஊற்றிவிட்டு நின்றாள். “ரெண்டாவதா ஒரு சாம்பிள் வந்தா?”

“கடைசியா வாரதுதான் சாம்பிள். முன்னால வந்தது செல்லாது.”

அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் படம் திருப்பூரை விட்டுக் குன்னத்தூருக்குப் போயிருந்தது. அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கொட்டகை ஆபரேட்டர் ராமரைப் பார்க்கப் போனாள். ராமருக்கு எந்தப் படமும் நீளம்தான். கடைசி பஸ் போகும் முன்னால் ஆட்டம் முடியாவிட்டால் கூட்டம் வராது என்பதால், வருகிற படத்தில் எல்லாம் எதையாவது வெட்டுகிறவர்.

“இதுலயும் ஒரு ரீல எடுத்தே ஆகோணுங்க அக்கா. அந்த மயில் பாட்டத் தூக்கிரலாம்னு இருக்கறேன்” என்றார்.

“பாட்டு ஓடட்டும் தம்பி. சாவை வெட்டு.”

ராமர் அவளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதானுங்களா அது” என்றார். படத்தில் இருக்கிற பொண்ணு இன்னும் சிவப்பு என்றும் சொன்னார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

சனிக்கிழமை மேட்னிக்கு அவள் வேலுமணியை அழைத்துப்போனாள். திரையில் பாட்டு முடிந்தது. சாயங்கால வெயிலில் புலி வாசற்படி ஏறி வந்தது. மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். புலி வாயைத் திறந்தது. உடனே விடிந்திருந்தது, தளபதி எதிரியின் கோட்டை வாசலில் நின்று வாளை உருவிக்கொண்டிருந்தான். கொட்டகையில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ முறுக்கு கேட்டார். வேலுமணி மெதுவாகத் திரும்பினார்.

“இதுதான் கடேசியா?”

“இதுதான் கடைசி. எடுத்துக்கிடுங்க.”

மறுநாள் தெருவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சித்ராதேவி தலை வாரி, பூ வைத்து, நடுவாசலில் நின்றாள். படத்தில் வருவதுபோலச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வெயில் சாய்ந்ததும் புலி எழுந்து, சோம்பல் முறித்து, படியேறி வந்தது. அதன் வாயில் காலையில் போட்ட கறியின் வாசம் அடித்தது. வாயைத் திறந்தது. பால்காரர் மணி அடித்தார். திங்கட்கிழமை ஆகியிருந்தது. வேலுமணி வாசற்படியில் உட்கார்ந்து சட்டை எங்கே என்று கேட்டார். சித்ராதேவி அதே சுவரில் சாய்ந்தபடியே நின்றாள். தலையில் பூ வாடவில்லை. ராத்திரி என்ன நடந்தது என்று இருவருக்கும் தெரியாது. நடக்கவே இல்லை என்று ராமர் சொன்னார். அந்த ரீல் தன் பெட்டியில்தான் இருக்கிறது என்றார்.

அதிலிருந்து அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிடையாது. பகல் உண்டு, புலி உண்டு, வெயில் சாய்ந்ததும் திங்கட்கிழமை காலை. கரண்ட் பில் குறைந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் வெயில் இருக்கும்போதே போய், வாசலில் படுத்திருக்கும் புலியைத் தாண்டி, சித்ராதேவிக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அடுத்த வருஷம் ஆத்தப்பன் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பிந்திப் போனார். சித்ராதேவி உட்காருங்கள் என்றதும் உட்கார்ந்தார், கொடுத்த காப்பியில் ஒரு வாய் குடித்தார். அதற்குள் விடிந்துவிட்டது. எதிரே வேலுமணி துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எப்ப வந்தீங்க மாமா?” என்றார்.

“நேத்துத்தானுங்க மாப்பிள்ளை” என்றார் ஆத்தப்பன். பத்திரிகையைக் கையில் கொடுத்தார். காப்பி இன்னும் சூடாகவே இருந்தது; மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று குடித்து முடித்துவிட்டு, அப்படியே கம்பெனிக்குப் புறப்பட்டார்.