எடை கூடுதலாகக் காட்டினால் எழுதவும்

தெருவில் அவளைத் தராசுக்காரி என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவளிடம் தராசு ஒன்றுகூட இல்லை. ஏறி நின்றால் எண் காட்டும் கண்ணாடி எடை மெஷின்கள்தான், பின்னறையில் தரையிலிருந்து ஜன்னல் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை இணையத்தில் விற்றாள். அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு கிளினிக்கில் வேலை. டாக்டரைப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, எடை பார்த்து, சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவாள். அந்தப் பதினோரு வருஷத்தில் மனித குலத்தைப் பற்றி அவள் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: மெஷின் காட்டும் எண்ணை யாரும் ஒரே தடவையில் ஒப்புக்கொள்வதில்லை. செருப்பைக் கழற்றுவார்கள். சாவிக்கொத்தை எடுத்து வைப்பார்கள். மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். எதுவும் பலிக்காவிட்டால், மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கடையில் இன்னொரு ஆள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. கணவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்பதைத் தவிர எடை விஷயத்தில் அவனுக்கு வேறு கருத்து கிடையாது. பேக்கிங் முழுக்க நாத்தனார் பொறுப்பு. ஒவ்வொரு மெஷினின் கண்ணாடியிலும் வலது மூலையில் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவாள். ஒட்டுவதிலிருந்து டேப் சுற்றுவது வரை எல்லாவற்றையும் வீடியோ எடுப்பாள். அந்த ஸ்டிக்கர் லேசில் உரியாது. தண்ணீர், எண்ணெய், நகம், எதற்கும் மசியாது. வாரம் ஒருவராவது அதைப் பற்றிக் குறை எழுதுவார்கள்.

"உரிச்சா வந்துட்டா அதுக்குப் பேரு ஸ்டிக்கரா?" என்பாள் நாத்தனார்.

இந்த ஸ்டிக்கரும் வீடியோவும் சும்மா வரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் ஒருவர், பெட்டியைத் திறந்தால் செங்கல் இருந்தது என்று புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தராசுக்காரி நான்கு பக்கம் பதில் எழுதினாள். தன் வாழ்நாளில் செங்கல் வாங்கியதே இல்லை என்பதையும் அதில் சேர்த்திருந்தாள். தோற்றாள். அடுத்தவர், கண்ணாடி உடைந்து வந்தது என்று ஒரு படம் அனுப்பினார். படத்தில் இருந்தது வேறு கம்பெனி மெஷின். அதைச் சுட்டிக்காட்டினாள். வாங்கியவரின் அனுபவத்தை மதிக்கிறோம் என்று, பணத்தை வசூலித்துக் கொடுக்கும் பேமென்ட் கம்பெனி பதில் போட்டது. அதிலும் தோற்றாள். கம்பெனியில் விற்பனையாளர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், தன்னைத் தானே ஏற்கெனவே காப்பாற்றிக்கொண்ட விற்பனையாளரை அது காப்பாற்றும்.

ஒரே வருஷத்தில் மூன்று புகாரில் தோற்றால் கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கு இல்லாவிட்டால் யாரிடமும் பணம் வாங்க முடியாது. கடையைக் கட்டிவிட்டு மறுபடி கிளினிக் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். திங்கட்கிழமை காலை அந்த மூன்றாவது புகார் வந்து சேர்ந்தது. ஒரே வரி: பொருள் எனக்கு வரவேயில்லை.

வீடியோவில் பெட்டி வீட்டை விட்டுப் போனது தெரிந்தது. போய்ச் சேர்ந்தது தெரியவில்லை. கூரியர்காரர் காட்டிய கையெழுத்து, மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. தராசுக்காரி பேமென்ட் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் குரல் தேன் மாதிரி பேசியது.

"பொருள் அவர் கையிலதான் இருக்குன்னு காட்டுற மாதிரி ஏதாவது அனுப்புங்க மேடம்."

"அவர் வீட்டுக்குள்ள போய் போட்டோ எடுத்துட்டு வரவா?"

"அது சட்டப்படி தப்பு மேடம்."

"அப்ப வேற என்னதாங்க பண்றது?"

"வந்துச்சுன்னு அவரே எழுத்துல ஒத்துக்கிட்டா ஏத்துக்குவோம் மேடம். அஞ்சு நாள் டைம் இருக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு எந்த உதவியும் வேண்டாம் என்று போனை வைத்தாள். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டாள். அட்ரஸ் இருக்கிறது, நேரில் போய் நாலு பேர் பார்க்கக் கேட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்ன செய்வான் பார்க்கலாம் என்றாள். தராசுக்காரி அவளை உட்கார வைத்தாள். அப்புறம் மூன்று மாதத்தில் மெஷின் வாங்கிய இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே செய்தியைத் தட்டினாள்: 'எங்கள் மெஷினை விரிப்பின் மேல் வைத்தால் எடை தவறாகக் காட்டலாம். வெறும் தரையில் வைத்துப் பார்க்கவும். அப்போதும் உங்கள் எடை கூடுதலாகக் காட்டுவதாகத் தோன்றினால் எழுதவும்.'

நாத்தனார் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "சும்மா கெடக்குறவங்களக் கூப்பிட்டு, எங்க மெஷின்ல குறை சொல்லுங்கன்னு நாமளே கேக்குறதா?"

"குறை இருக்குன்னு நான் சொல்லலயே அண்ணி. இருக்குன்னு தோணுச்சுன்னா எழுதுங்கன்னேன். எல்லாருக்கும் தோணும்."

தோன்றியது. மூன்று நாளில் ஐம்பத்தேழு பேர் எழுதினார்கள். அதில் ஐம்பத்தாறு பேருக்குக் கூடுதலாகத்தான் காட்டியது. ஒரே ஒருவர் மட்டும் குறைவாகக் காட்டுவதாக எழுதியிருந்தார். விசாரித்ததில், அவர் எடை பார்த்தது தன் நாயை. தராசுக்காரி ஒவ்வொருவருக்கும் பொறுமையாக, மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் எழுதினாள். அந்த ஐம்பத்தேழு பேரில் பொருள் வரவில்லை என்றவன் இல்லை.

நான்காம் நாள் மதியம் எழுதினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். 'வெறும் தரையில்தான் வைத்திருக்கிறேன். வந்த அன்று எழுபத்தெட்டு காட்டியது. ஒரே வாரத்தில் எண்பத்திரண்டு காட்டுகிறது. என்ன மெஷின் விற்கிறீர்கள்?'

வந்த அன்று! நாத்தனார் அந்த இரண்டு சொற்களையும் வாய்விட்டு மூன்று முறை படித்தாள். தராசுக்காரி அசராமல் பதில் போட்டாள்: சிரமத்துக்கு மன்னிக்கவும், மெஷின் மேல் நின்று, மூலையில் இருக்கும் எண் தெரியும்படி ஒரு போட்டோ அனுப்பவும். பத்தாவது நிமிஷம் போட்டோ வந்தது. கண்ணாடி மேல் இரண்டு வெறுங்கால்கள். நடுவில் 82.3. வலது மூலையில் நாத்தனாரின் ஸ்டிக்கர், 1187, ஓரத்தில் நகத்தால் சுரண்டிய தடம். வீடியோவிலும் அதே எண்.

"என் தங்கமே!" என்று நாத்தனார் ஸ்டிக்கரைக் கொஞ்சினாள். "யாரு அதப் போயி உரிக்க வரலைன்னு சொன்னது?"

தராசுக்காரிக்கும் சிரிப்பு வந்தது. ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. எண்ணை இன்னொரு தடவை ஆசை தீரப் பார்க்கலாம் என்று படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். எண்ணைத் தாண்டி அவள் கண் போய்விட்டது. கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கணுக்காலைக் காணவில்லை. பாதம் உப்பி, தோல் பளபளவென்றிருந்தது. கழற்றிய சாக்ஸின் விளிம்பு காலைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"அண்ணி, இந்தக் காலப் பாருங்க."

"அவன் கால நான் எதுக்குப் பாக்கணும்?"

"இது கொழுப்பு இல்ல. தண்ணி. ஒரு வாரத்துல நாலு கிலோ தண்ணி. இதயமோ கிட்னியோ, ஏதோ ஒண்ணு சரியில்ல."

ஆதாரங்களை உடனே பேமென்ட் கம்பெனிக்கு அனுப்பினாள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்று திரை சொன்னது. அடுத்து அவனுக்கு எழுத உட்கார்ந்தவளின் கையை நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

"முடிவு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத. இப்ப நீ ஏதாவது எழுதி அவன் உஷாரானான்னு வை, பொருள் வரலைன்னவன் பொருள் பழுதுன்னு மாத்திச் சொல்லுவான். அப்ப என் ஸ்டிக்கர் எந்த மூலைக்கு?"

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். முடிவாகும்வரை வாங்கியவர் காரணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருந்தது. மெஷின் தவறாகக் காட்டுகிறது என்று அவன் மாற்றிவிட்டால் அந்தப் போட்டோவே அவனுக்குச் சாட்சி. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிடும். குழியைப் பறித்தது தராசுக்காரியே என்பதுதான் வித்தியாசம்.

தராசுக்காரி மறுபடி அந்தக் கால்களைப் பார்த்தாள். கிளினிக்கில் ஒரு தடவை, ஒரு பெரியவருக்கு மூன்று கிலோ ஏறியிருந்தது. மெஷின் ரிப்பேர்மா என்றார் அவரும். அன்று டாக்டர் லீவு. அடுத்த வாரம் வாங்க என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவருடைய மகள் வந்து, பழைய சீட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இதை அவள் நாத்தனாரிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"அவன் திருட்டுப் பயதான் அண்ணி. ஆனா கால் பொய் சொல்லாது," என்று கையை விடுவித்துக்கொண்டு எழுதினாள். 'மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது. ஏறியிருக்கும் நான்கு கிலோவும் நீராக இருக்கலாம். காலைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மறையாமல் நின்றால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு வேண்டாம்.'

படித்துவிட்டான் என்று அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாத்தனார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேக்கிங் வீடியோவில்கூட வழக்கமாகச் சொல்லும் தேதியைச் சொல்லாமல் டேப்பைச் சுற்றினாள். தராசுக்காரி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போனைத் திறந்தாள். புகார் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் திறப்பாள். ஆனால் கை முதலில் அந்தச் செய்திக்குத்தான் போகும். கணக்கு போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆள் போய்விட்டானோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் பேமென்ட் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். புகாரை வாங்கியவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணம், பொருள் கிடைத்துவிட்டது. உங்கள் கணக்கு வழக்கம்போல் இயங்கும். எங்கள் பாதுகாப்புத் திட்டத்தின் மீது நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு நன்றி.

அன்று மாலையே கடைப் பக்கத்தில் ஒரு விமர்சனம் வந்தது. நான்கு நட்சத்திரம். தராசுக்காரி உரக்கப் படித்தாள்: 'மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது. ஆஸ்பத்திரி மெஷினும் அதே எண்பத்திரண்டுதான் காட்டியது. பத்து நாள் படுக்க வைத்துவிட்டார்கள். இப்போது எழுபத்தெட்டு. ஸ்டிக்கர்தான் உரிக்க வரவில்லை.'

"ஒரு நட்சத்திரத்த ஸ்டிக்கருக்கா கொறைச்சான்?" நாத்தனார் டேப்பைக் கீழே வைத்தாள். "அந்த ஸ்டிக்கர் இல்லாம இருந்திருந்தா இவன..." என்று ஆரம்பித்தவள், இவனை என்ன செய்திருப்போம் என்று யோசித்து, முடிக்காமல் விட்டாள்.

தராசுக்காரி பிரிக்காத பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

நாத்தனார் அடுத்த மெஷினை எடுத்து வைத்து ஸ்டிக்கரில் எண்ணை எழுதினாள். எழுதி முடித்தும் ஒட்டவில்லை.

"ஏம்மா, எழுபத்தெட்டுன்னுதான போட்டிருக்கான்?"

"ஆமா அண்ணி."

"அப்ப தண்ணி எல்லாம் வடிஞ்சிருச்சுன்னுதான அர்த்தம்?"

"ஆமா."

"சரி சரி. வீடியோவப் போடு," என்று சொல்லிவிட்டு, ஸ்டிக்கரை மூலையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள்.