சுவரில் சாய்ந்து கேட்ட படங்கள்

எங்கள் வீட்டின் நீண்ட அறைக்கும் பக்கத்துத் தியேட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் படம் முதுகு வழியாக வரும். காதுக்கு வருவது அப்புறம்தான்.

அறையின் தெருப்பக்கம், சுவரை ஒட்டி அம்மாவின் தையல் மிஷின். மறுகோடியில், வெளிச்சம் எட்டாத மூலையில் அப்பாவின் கட்டில். அப்பாவுக்கு ரொட்டிக்கடை அடுப்பில் இரவு வேலை. தெரு எழுந்திருக்கும்போது அவர் படுப்பார். இருவருக்கும் நடுவே தரையில் என் இடம். பழைய தையலைப் பிரிப்பதும் பட்டன் வைப்பதும் கால்சட்டை மடிப்பைக் கையால் தைப்பதும் என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் அந்த இடத்தில்தான் வளர்ந்தேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் என் தொண்டை பூட்டிக்கொள்ளும். சுவர் என்னை எதையும் வாசிக்கச் சொன்னதில்லை.

மதியக் காட்சி தொடங்கும்போது திரைச்சீலை வழியாக வரும் வெயில் மஞ்சளாகி, தரையில் படுத்துக்கொள்ளும். பிரித்த நூல்கள் அந்த வெளிச்சத்தில் மிதக்கும். அப்பாவின் மூச்சு, மிஷினின் ஓட்டம், சுவருக்குள்ளிருந்து யாரோ ஒருவர் யாரோ ஒருத்தியைக் கூப்பிடும் குரல். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஊசி மட்டும் போய்வந்துகொண்டிருக்கும்.

போர்ப்படம் ஓடிய வாரத்தில் அலமாரி டம்ளர்கள் தாமாக நகர்ந்து விளிம்புக்கு வந்தன. அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் சாப்பிடவில்லை, யாரும் யாரையும் கேலி செய்யவில்லை, சுட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஓர் இடம். குண்டெல்லாம் ஓய்ந்தபிறகு ஒருவன் கேட்கிறான்: “உன் கால் என்ன சைஸ்?” மற்றவனிடமிருந்து பதில் இல்லை. வெகுநேரம் கழித்து, ஈரமான தோல்ஷூவைக் காலிலிருந்து இழுக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்காகப் படம் முழுவதையும் மன்னித்துவிட்டேன்.

காதல் படத்தில் சுவருக்குள் மழை பெய்தது. நான் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணிகளை அள்ளி வந்தேன்.

“ஏன்டி, அதுக்குள்ள காஞ்சிடுச்சா?” என்றாள் அம்மா.

“மழை வருதும்மா.”

அம்மா வாசலைப் பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “நல்ல பொண்ணைப் பெத்தேன் போ. அந்தப் படக்காரனையே துணி துவைக்கச் சொல்லு, மழையில அலசிக் குடுப்பான்.”

காதலிப்பவர்கள் ரொம்பக் குறைவாகப் பேசுகிறார்கள் என்பது என் குறை. முக்கியமான நேரத்தில் வாயை மூடிக்கொண்டு வயலினிடம் விட்டுவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று என்னைப்போல் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவள் எப்படித் தெரிந்துகொள்வது? சிரிப்புப்படம் பரவாயில்லை. நகைச்சுவை எதுவும் சுவரைத் தாண்டி வராது, சிரிப்பு மட்டும் வரும். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் ஒருவர் தனியாகத் தொடங்குவார் பாருங்கள், அவருக்காகவே அந்தப் படத்தை ஒருநாள்கூட விடாமல் கேட்டேன்.

இதையெல்லாம் நான் சொன்ன ஒரே ஆள் டிக்கெட் அக்கா. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். சீருடைக் கோட்டைப் பிடிக்கவும் விடவும் அடிக்கடி அம்மாவிடம் வருவார், ஒரு மாதம் இளைப்பார், மறுமாதம் பருப்பார். நான் சத்தமில்லாமல் நடப்பதால் எனக்குப் பூனை என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அப்பா தூங்குவதால் எங்கள் பேச்செல்லாம் கிசுகிசுப்புதான். கிசுகிசுப்பில் என் தொண்டை பூட்டிக்கொள்வதில்லை.

“ஏய் பூனை, கொலைப்படத்துல கொலைகாரன் யாருன்னு சொல்லு பார்ப்போம்.”

“டாக்டர்.”

“அடிப்பாவி! தியேட்டர்ல ஒருத்தருக்கும் கடைசிவரை சந்தேகம் வரலை. எப்படிக் கண்டுபிடிச்ச?”

“அவர் நடந்தா ஒரு கால் செருப்பு மட்டும் முனகுதுக்கா. கொலை நடந்தப்பவும் முனகிச்சு.”

“அவ்வளவு அழகா இருந்தானே!”

“அது எனக்குத் தெரியாதே.”

அவர் என் பக்கம் குனிந்தார். “அப்போ உன் படத்துல டாக்டர் எப்படி இருந்தான்?”

சொல்ல வெட்கமாக இருந்தது. என் படங்களில் வருபவர்கள் எல்லோரும் அம்மாவிடம் அளவு கொடுக்க வருபவர்கள்தான். டாக்டர், ஜிப் மாற்ற வரும் தபால்காரர். கதாநாயகி, கல்யாணத்துக்குக் கவுன் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத அந்த உயரமான பெண். வில்லன் எப்போதும் எங்கள் தலைமையாசிரியர்தான், அவருக்கு ஓய்வே கிடையாது. அரைத்தூக்கத்தில் இவர்கள் படம்விட்டுப் படம் போவார்கள். விண்வெளிக்குப் போன தபால்காரர், காதல் படத்தின் மழையில் நனைந்துகொண்டு திரும்பி வருவார். விண்வெளிப் படத்தில் வெகுநேரம் சத்தமே இல்லை. அந்தப் பக்கம் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து அந்த அமைதியிலேயே உறங்கிவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

பேய்ப்படம் வந்த வாரம் டிக்கெட் அக்காவுக்கு ஒரே குழப்பம். “என்ன மாயமோ தெரியலைக்கா,” என்று அம்மாவிடம் கைகளை விரித்தார். “இந்தப் பேய்ப்படத்துக்கு மதியக் காட்சியிலதான் ஜனம் அலறுது. ராத்திரி காட்டினா கொட்டாவி விடுது. உலகத்துல பேய் பகல்ல வேலைக்கு வந்து நான் பார்த்ததில்லை.”

“கையை மடக்கு, தோள்பட்டை அளவு எடுக்கணும்,” என்றாள் அம்மா. அவளுக்குப் பேயைவிடத் தோள்பட்டை முக்கியம்.

அந்த வாரம்தான் அப்பா கையில் கட்டுடன் வீடு திரும்பினார். அடுப்பின் முன்னால் கண் சொக்கி, சூட்டுத் தட்டின்மேல் முன்கையை வைத்துவிட்டார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெள்ளைத் துணி.

“நின்னுகிட்டே தூங்கறீங்களா? குதிரையா நீங்க?” என்று அம்மா திட்டினாள். திட்டும்போதே அவள் குரல் உடைந்தது.

“படுத்தா தூங்க விடறானா? இப்பத்தான் கண் மூடும், உடனே ஒருத்தி வீல்னு கத்துவா. பஞ்சு வெச்சுப் பார்த்தாச்சு, துண்டைக் கட்டிப் பார்த்தாச்சு.”

“என் மிஷினும்தான் ஓடுது.”

“மிஷின் ஒரே மாதிரி ஓடும். அது மூச்சு மாதிரி. படம் அப்படியா?”

மறுநாள் அப்பா தியேட்டர் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தார். சண்டைக்குத் தயாராகப் போனவர் சாதுவாகத் திரும்பினார். மேனேஜர் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததுமே சரி என்றுவிட்டாராம். வாரக் கடைசியோடு தியேட்டருக்கு விடுமுறை. தியேட்டருக்கு உள்ளே, நம் பக்கத்துச் சுவர் முழுக்கப் பலகை, அதற்குப் பின்னால் கெட்டிப் பஞ்சு. இனி ஒரு முணுமுணுப்புக்கூட வராது.

“அப்பாடா,” என்றாள் அம்மா.

நான் கையிலிருந்த கால்சட்டையில் பிரிக்கக் கூடாத தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லத்தான் நினைத்தேன். சுவரை மூடாதீங்கப்பா என்று அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு யார் சொல்வது? அவருக்குத் தூக்கம் வேண்டும். எனக்கு அந்தச் சுவரைவிட்டால் வேறு ஊர் கிடையாது, வேறு மனிதர்கள் கிடையாது. இரண்டும் உண்மை. தொண்டை எப்போதும்போல் பூட்டிக்கொண்டது.

சீருடைக் கோட்டை வாங்க வந்த டிக்கெட் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாளைக்குக் கடைசி நாள். வா, ஒரு படமாவது கண்ணால பாரு.”

“வேண்டாம்க்கா. கூட்டமா இருக்கும்.”

“இருட்டுல யார் யாரைப் பார்க்கறா? உன்னை விளக்கு அணைஞ்சப்புறம் கூட்டிட்டுப் போய் ஓரமா உட்கார வெக்கறேன். உங்க சுவர்ப் பக்கமே. வீட்டுல சாயற மாதிரி சாஞ்சுக்கோ, இந்தப் பக்கம்னு நெனைச்சுக்கோ.”

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டால் தபால்காரர் என்ன ஆவார்? வாங்கப்படாத கவுனோடு நிற்கும் அந்தப் பெண் எங்கே போவாள்? ஆனால் நாளைக்குப் பிறகு அவர்களுக்கு எப்படியும் வீடு இல்லை. மதியக் காட்சிக்குப் போனேன்.

திரை நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு முகம் மட்டுமே எங்கள் அறையளவு. அந்த முகம் அழுதபோது கண்ணீர் ஒரு வாளி இருக்கும். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு விஷயம்! கதவைத் திறந்தால் சத்தம் போதாதா, கைப்பிடியின் துருவைக்கூடக் காட்ட வேண்டுமா? கொஞ்ச நேரத்திலேயே களைத்துப்போய்க் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தேன். உடனே உயரமான பெண் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பேய்வீட்டுக்குள் நுழைந்தாள். நிம்மதியாக இருந்தது.

படத்தில் அவள் இருட்டில் மாடிப்படி ஏறத் தொடங்கினாள். இசை நின்றது. காற்று நின்றது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அப்போது எங்கிருந்தோ, மிக ஆழத்திலிருந்து வந்தது: தடதடதடதட.

முன்வரிசையில் யாரோ “அம்மாடி” என்றார்கள். சத்தம் நின்றது. படத்தில் அவள் காலடியும் ஒரு படியில் நின்றது. மறுபடி தடதட, இம்முறை நீளமாக. எனக்குப் பக்கத்தில் இருந்த பருமனான அம்மையார், முன்பின் அறியாதவர், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் ஐஸாக இருந்தன.

நான் கண்ணைத் திறந்தேன். அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். நீளத் தையல். காலையில் வெட்டி வைத்த திரைச்சீலையின் ஓரம். இப்போது நிற்கும், மூலை திரும்புகிறது. இதோ, சின்னதாகப் பின்னால் போய் முன்னால் வரும், முடிச்சுத் தையல். எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நடந்தது. கடைசியில் தூரத்தில் ஓர் இருமல்.

“ஐயோ, இருமுது!” என்று ஓர் ஆண்குரல் கீச்சிட்டது. தியேட்டர் முழுவதும் அலறியது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது. இத்தனை பேர் நடுவில் என் குரல் இவ்வளவு பெரிதாகக் கேட்டதே இல்லை.

“உனக்குப் பயமா இல்லையாம்மா?” என்றார் கையைப் பிடித்திருந்தவர்.

“அது எங்கம்மா,” என்றேன்.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விளக்கு எரியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் டிக்கெட் அக்காவின் காதில் சொன்னேன். அவர் கோட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு குலுங்கினார். “அதான் ராத்திரியில கொட்டாவி விட்டாங்களா! உங்கம்மா ராத்திரி மிஷின் மிதிக்கறதில்லையே! பஞ்சு வெச்சா எங்க பேய் போயிடும்டி பூனை.”

ஆனாலும் பஞ்சு வைத்தார்கள். சில நாட்கள் சுத்தியல் சத்தம். அது ஒரு மோசமான படம், கதையே இல்லை. பிறகு அதுவும் நின்றது.

தியேட்டர் திறந்த அன்று மதியம் நான் பழக்கத்தில் சுவரில் சாய்ந்தேன். சுவர் வெறும் சுவராக இருந்தது. முதுகில் குளிர்ச்சி மட்டும் வந்தது. தபால்காரரை நினைத்துப் பார்த்தேன். அவர் ஜிப் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கட்டிலில் அப்பா புரண்டார். மறுபடி புரண்டார்.

“என்னங்க?” என்றாள் அம்மா.

“என்னமோ காது அடைச்ச மாதிரி இருக்கு.”

“சத்தம் இருந்தாலும் குத்தம், இல்லைன்னாலும் குத்தமா? போய் அந்த மேனேஜரைக் கொஞ்சம் கத்தச் சொல்லுங்க.”

அப்பா சிரித்தார். பிறகு இருட்டு மூலையிலிருந்து, “பூனை,” என்றார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. “அந்தப் பேய்ப்படம் என்ன ஆச்சு? நான் கேட்டதெல்லாம் கத்தினது மட்டும்தான். கதையைச் சொல்லு.”

“நானா?”

“நீதானே கேட்டுட்டிருந்த. படத்துல ஏதாவது ஆச்சுன்னா உன் கத்தரி நின்னுடும். எனக்குத் தெரியாதா?”

தொண்டை பூட்டிக்கொண்டது. நான் கண்ணை மூடி, சுவரில் தலையைச் சாய்த்தேன். அந்தப் பக்கம் பஞ்சுக்குப் பின்னால் தியேட்டர் இருட்டிக்கொண்டு வந்தது, விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன. கிசுகிசுப்பாகத் தொடங்கினேன். மூலைவரை எட்டாது என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். மழை பெய்தது. ஒரு வீடு இருந்தது. உயரமான பெண் ஒருத்தி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். எங்கிருந்தோ தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. தியேட்டரே அலறியது.

“பேய் யாரு?” அப்பாவின் குரலில் பாதித் தூக்கம்.

“அம்மா.”

“நெனைச்சேன்,” என்றார் அப்பா. தூங்குவதற்கு முன் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். மூச்சு நீண்டு, ஒரே மாதிரி ஓடத் தொடங்கியது. கட்டுப்போட்ட கை கட்டிலின் ஓரத்தில் தளர்ந்து தொங்கியது.

நான் நிறுத்தினேன். தெருப்பக்க முனையில் மிஷினும் நின்றது. அம்மா திரும்பவில்லை. தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலை அவள் மடியிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது.

“அப்பா தூங்கிட்டார்மா,” என்றேன்.

“தெரியுது. நீ சொல்லு. மாடிக்குப் போனவ என்ன ஆனா?”

எனக்குத் தெரியாது. சுவர் வழியாகக் கேட்டபோது அந்த இடத்தில் அலறல் மட்டும்தான் வந்தது, பார்த்த அன்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். வெயில் மஞ்சளாகித் தரையில் படுத்திருந்தது, நூல்கள் மிதந்தன. உயரமான பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.