ஊதக் கூடாது, இழுக்க வேண்டும்

என் இதயம் என்மேல் புகார் கொடுத்திருந்தது. தகவல் அஞ்சலட்டையில் வந்தது. அதனால் தபால்காரரும் படித்திருந்தார். "சரியாப் போயிடும் சார்" என்று சொல்லி அட்டையைக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

காற்று போதவில்லை என்பது புகார். விசாரணை முடியும்வரை இதயம் மூச்சு அலுவலகத்திலேயே தங்கியிருக்கும் என்றும் எழுதியிருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எப்போது கிளம்பிப் போனது என்று என் மனைவி மரகதவல்லியிடம் கேட்டேன்.

"செவ்வாக்கிழமையே போயிடுச்சுங்க," என்றாள். "நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லிச்சு."

நான் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். முப்பத்தொரு வருடம் விசில் ஊதியவன். எனக்குக் காற்று போதவில்லை என்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று பின்தெரு வழியாகப் போனேன். பின்தெருவில் எல்லோரும் வாசலில் நின்று வழி சொன்னார்கள்.

அலுவலக வாசலில் எழுத்தர் இருந்தார். மேசைமேல் நாகலிங்கம் என்று பெயர்ப் பலகை.

"மூச்சு விடுறதுக்கு ப்ரூஃப் இருக்கா?"

"இங்க நிக்கிறேனே."

"நிக்கிறது வேற செக்‌ஷன் சார்."

ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினார். அதில் ஊதினேன். கண்ணாடி மங்கியது. மங்கிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். அழிவதற்குள் உள்ளே போகச் சொன்னார்.

பயிற்சி அறையில் ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது. வெள்ளைக் கோட்டு. கால்களில் மட்டும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கேன்வாஸ் ஷூ. அதில் எங்கள் பள்ளி மைதானத்துச் செம்மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

ஜெசிந்தா. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் அவளுக்கு வீசிங் இருந்தது. ஒருநாள் மூன்றாவது ரவுண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நடிக்காத! ஓடு!" என்று விசில் ஊதினேன். நாலாவது ரவுண்டில் விழுந்தாள். தலைமையாசிரியை கேட்டபோது, நான் நிற்கச் சொல்லியும் அவளாகத்தான் ஓடினாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

"வணக்கம் சார்," என்றாள்.

"வணக்கம் மேடம். நாம இதுக்கு முன்னாடி பார்த்ததில்லைன்னு நினைக்கிறேன்."

பேனாவைத் திறந்தாள்.

"சரி சார். அப்படியே எழுதிக்கிறேன்," என்றாள். எழுதினாள்.

மூலை நாற்காலியில் என் இதயம் உட்கார்ந்திருந்தது. நான் நினைத்ததைவிடச் சிறியது. நாற்காலி அழுக்காகக் கூடாது என்று கைக்குட்டை விரித்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே மூன்று பந்துகள். பக்கத்தில் ஒரு குழாய்.

"விலாவுக்குக் கீழ ஒரு தசை இருக்கு சார். அதுதான் மூச்சை இழுக்குது. அது பலமாச்சுன்னா இதயத்துக்குச் சுமை குறையும். ரத்தக் குழாயோட இறுக்கம் தளரும். பிரஷர் மெதுவா இறங்கும். தினம் முப்பது மூச்சு. ஆறு வாரம்."

"அவ்வளவுதானே? ஊதிடறேன்."

"ஊதக் கூடாது சார். இழுக்கணும்."

இழுத்தேன். மேலே எழ வேண்டிய பந்து அசையவில்லை. சுவரில் இருந்த காலண்டரில் மட்டும் ஒரு தாள் கிழிந்தது. மறுபடி இழுத்தேன். இன்னொரு தாள்.

"மேடம்," என்றது இதயம், தணிந்த குரலில். "அவரைக் கட்டாயப்படுத்த வேணாம். அவருக்குப் பழக்கமில்லை."

அன்று என் பிரஷரின் மேல் எண் நூற்று ஐம்பத்தெட்டு. இரண்டு தாள் கிழிந்திருந்ததால் ஞாயிற்றுக்கிழமை என்று குறித்துக்கொண்டாள்.

வீட்டில் மூன்று நாள் இழுத்தேன். ஒரு பந்துகூட எழவில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மரகதவல்லி குழாயை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தாள். மூன்று பந்துகளும் எழுந்து நின்றன. "இதுவாங்க?" என்று கேட்டுவிட்டு மீதிக் காயை நறுக்கினாள்.

நாலாம் நாள் அவள் கடைக்குப் போன நேரம், பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து ஊதினேன். மூன்று பந்துகளும் துள்ளின. ஊத எனக்குத் தெரியும். கணக்கு வைக்க ஜெசிந்தா கொடுத்திருந்த நோட்டில் எழுதினேன்: முப்பது மூச்சு, மூன்று பந்து. ஆறு வாரமும் அதையே எழுதினேன். கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் அழகானது.

ஊதிய காற்று வெளியே போகவில்லை. மூன்றாம் வாரம் வீட்டுக் கூரை ஒரு முழம் உயர்ந்திருந்தது.

"ஒட்டடைக் குச்சி எட்டலைங்க," என்றாள் மரகதவல்லி. வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆறாம் வாரம் அலுவலகத்தில் மேற்பார்வை. நாகலிங்கம்தான் மேற்பார்வையாளர். அதற்காகச் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருந்தார். நோட்டைப் புரட்டினார். என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். நூற்று எழுபத்தொன்று.

"நோட்டு பிரமாதம். பிரஷர் ஏறியிருக்கு," என்றார். "அப்ப பயிற்சி குடுத்தவங்க மேலதான் தப்பு. விதிப்படி அவங்க ஓடணும்."

ஜெசிந்தா குனிந்து ஷூ நாடாவை இறுக்கினாள்.

"சார், நோட்டுல எழுதினது உண்மைதானே?" என்று நாகலிங்கம் என்னிடம் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதயம் பார்க்கவில்லை. அது கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தது.

"உண்மை," என்றேன்.

நாகலிங்கம் என் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார். "நீங்களே ஆரம்பிச்சு வைங்க. உங்களுக்குத்தான் பழக்கம்."

ஊதினேன். நன்றாகவே ஊதினேன்.

ஜெசிந்தா கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஓடினாள். அறைக்கு வெளியே நேரான தாழ்வாரம். ஆனால் ஒரு முனையில் மறைந்தவள் மறுமுனையில் வந்தாள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் தாழ்வாரம் நீண்டது. புதிதாக முளைத்த சுவரில் சுண்ணாம்பு காயவில்லை.

மூன்றாவது ரவுண்டில் அந்தச் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல் மெல்லிய சீழ்க்கை. இருபத்திரண்டு வருடமாக எனக்கு நினைவிருந்த சத்தம். நினைவில்லை என்று நான் சொல்லிவந்த சத்தம்.

"நிறுத்துங்க," என்றேன். "நான் சொன்னது பொய்."

"எந்தப் பொய் சார்?" என்றார் நாகலிங்கம். " இப்ப சொன்னதா, அப்ப ஸ்கூல்ல எழுதினதா?"

"ரெண்டும்."

"ஒரு ஃபாரத்துல ஒண்ணுதான் எழுதலாம்."

"அப்ப பழசை எழுதுங்க. அவளா ஓடலை. நான்தான் ஓட வச்சேன். நடிக்காதன்னு சொன்னேன்."

நாகலிங்கம் நிதானமாக எழுதினார். "'நடிக்காத'வுக்குப் பின்னாடி ஆச்சரியக்குறி உண்டா?"

"உண்டு."

போட்டார். மை உலரும்வரை காத்திருந்தார். அதற்குள் ஜெசிந்தா இன்னொரு முறை எங்களைக் கடந்து போனாள். கை நெஞ்சில் இருந்தது.

"பதிவாயிடுச்சு," என்றார். "ஆனா ஓட்டத்தை நிறுத்த முடியாது. யாராவது ஒருத்தர் ஓடியே ஆகணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். அவளை எட்டிப் பிடிக்க ஒன்றரை ரவுண்டு ஆயிற்று.

"ஜெசிந்தா, நில்லும்மா."

பெயரைக் கேட்டு நின்றாள். சுவரோரம் உட்கார்ந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தாள். நான் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தேன். நிற்க அனுமதி இல்லை.

"என்னைத் தெரியுதா சார்?"

"மொத நாளே தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் சார்." மூச்சு வாங்கியது. "எப்படி இழுக்கணும்னு அந்தப் பதினோரு நாள்லதான் கத்துக்கிட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லக் காற்று இல்லை.

"பேசாதீங்க சார். ஓடும்போது பேசக் கூடாது. இழுங்க."

இழுத்தேன். விலாவுக்குக் கீழே துருப்பிடித்த ஒன்று அசைந்தது. வலித்தது.

"ஒண்ணு," என்றாள் ஜெசிந்தா.

ஓடினேன். பின்னால் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. என் இதயம் பத்தடி விட்டு ஓடி வந்தது. பக்கத்தில் வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாகலிங்கம் கூடவே ஓடிவந்து பிரஷர் பார்த்தார்.

"இறங்குது சார்."

"எவ்வளவு?"

"ஒரு புள்ளி."

தாழ்வாரம் இன்னும் நீண்டது. அவளை மறுபடி கடக்க முன்னைவிட அதிக நேரம் ஆனது. அந்த அவகாசத்துக்காக மகிழ்ந்தேன். மகிழ்ந்ததற்காக வெட்கப்பட்டேன். தூரத்தில் அவள் குரல் பதினேழு, பதினெட்டு என்றது. முப்பது ஆனதும் ஒன்றிலிருந்து தொடங்கியது.

அவளைக் கடக்கும்போதெல்லாம் தலை குனிந்துகொண்டேன். அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை.