டோரிஸ் காரைவிட்டு இறங்கவில்லை

நூலகத்து மாடியறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் கையிலும் தன் நாவலின் ஏழாம் அத்தியாயம் இருப்பதைப் பார்த்துக்கொண்டே க்ளெனிஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். லனெல்லி ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பரீட்சை வைப்பது அவள் வேலை. பக்கத்து இருக்கையில் எத்தனை பேர் வியர்த்து வழிந்தாலும், முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் தப்புகளைக் குறித்துக்கொண்டே போய்ப் பழகியவள். இன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த கறிக்கடை ரோட்ரி அவளிடம் இரண்டு தடவை தோற்றவன். சிவப்புப் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தான்.

"இன்னைக்கு நான்தான் எக்ஸாமினர் மேடம். பெல்ட்டை நல்லா இறுக்கிப் போட்டுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மென்னா, க்ளெனிஸின் அக்கா. மென்னாவுக்குக் கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை. எழுத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாவல் எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்குத் தனியாகப் போகப் பயந்து, தங்கைதான் அவளை இழுத்து வந்திருந்தாள். வந்த முதல் வாரமே தான் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை என்று மென்னா அறிவித்துவிட்டாள். ஆனால் அடுத்தவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஒருவருடைய கதாநாயகனைக் கொன்றுவிடுவாள்.

வகுப்பை நடத்துகிற லவ்ரிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யாருடைய அத்தியாயம் பேசப்படுகிறதோ, அவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் கிடையாது, "நான் சொல்ல வந்தது என்னன்னா" கிடையாது, தலையாட்டல்கூடக் கிடையாது. புத்தகம் கடைக்குப் போன பிறகு ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பாள். கடைசியில் நன்றி சொல்லலாம், அவ்வளவுதான். வகுப்பில் இதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

க்ளெனிஸின் நாவல் ஒரு கொலைக்கதை. துறைமுகத்தில் ஒரு பிணம், அதைத் துப்பறிகிற நடுவயதுப் பெண். ஆறு அத்தியாயம்வரை பிணமும் நகரவில்லை, கதையும் நகரவில்லை. அப்புறம் ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், துப்பறிகிறவளுக்கு ஒரு அக்கா இருந்தால் என்ன என்று தோன்றியது. டோரிஸ் என்று பெயர் வைத்தாள். அன்று சாயங்காலம் அடுப்பில் உருளைக்கிழங்கு கருகியது தெரியவில்லை. புருஷன் வந்து பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனதும் தெரியவில்லை. டோரிஸ் பேசிக்கொண்டே இருந்தாள், இவள் பின்னால் ஓடி ஓடி எழுதினாள். தன் விரல்களுக்குள் இப்படி ஒருத்தி இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாளா என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடித்த சூட்டோடு எல்லோருக்கும் அனுப்பியும் விட்டாள்.

டோரிஸ் யார் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மென்னாவின் சாம்பல் நிற முடியைச் சிவப்பாக்கியாயிற்று. குள்ளமாக இருந்தவளை நெட்டையாக்கி, ஒரு புருஷனுக்குப் பதில் மூன்று பேரைக் கட்டிவைத்தாயிற்று. இனி பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது என்று மனதார நம்பினாள். முதல் நாவல் எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு நம்பிக்கை வராது.

லவ்ரி வாய்ப்பூட்டு என்று சொன்னதும் பேச்சு ஆரம்பித்தது.

"பிணத்தைத் தூக்கிக் கடல்ல போடுங்க," என்றான் ரோட்ரி. "எனக்கு டோரிஸ் வேணும். நேத்துக் கடையில கறி வெட்டிக்கிட்டே தனியாச் சிரிச்சேன். பொண்டாட்டி பயந்துட்டா."

ஓய்வுபெற்ற தபால்காரர் திருமதி பாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அவளைக் கண்டாலே ஆகல. பெத்த தாய் மேல்மாடியில சாகக் கிடக்கறா, இவ ஆஸ்பத்திரி வாசல்ல கார்ல உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கிட்டு சாண்ட்விச் தின்னுறா. கல்நெஞ்சுக்காரி! ஆனா ஒண்ணு சொல்றேன், மூணு தடவை படிச்சேன்."

"இதுதான் உங்க நாவல் க்ளெனிஸ்," என்றாள் லவ்ரி. சாதாரணமாகப் பாராட்டுக்குப் பஞ்சம் வைக்கிறவள், இன்றைக்கு எழுந்தே நின்றுவிட்டாள். "மத்த ஆறு அத்தியாயமும் இவளைத் தேடி நீங்க நடந்த வழி. வந்து சேர்ந்துட்டீங்க."

க்ளெனிஸுக்கு எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. இந்த ஐம்பத்திரண்டு வயதில் யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை. வந்து சேர்ந்துவிட்டாளாம்! கன்னம் இரண்டும் எரிந்தன, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் அறையில் ஒரு சத்தம் குறைவது உறைத்தது. மென்னா சிரிக்கவில்லை. ரொட்டியை ஒரு வாய்கூடக் கடிக்காமல் தட்டிலேயே வைத்திருந்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மா இறந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு க்ளெனிஸைக் காரில் கூட்டிவந்தது மென்னாதான். வாசலில் வண்டியை நிறுத்தி, "நீ போ" என்றாள். கடைசிவரை மேலே வரவில்லை. அதைப் பற்றி அக்காவும் பேசியதில்லை, தங்கையும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, பிறந்தநாள் வந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வந்தது, அந்த ஒரு சாயங்காலத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க இருவரும் பழகியிருந்தார்கள். இப்போது அதை எடுத்து, சாண்ட்விச் வைத்து, சிரிக்கிற மாதிரி எழுதி, கறிக்கடைக்காரனுக்கும் தபால்காரருக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறாள். அக்கா எழுந்து போய்விட்டால்? ஒரேயடியாகப் போய்விட்டால்? பயத்தில் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பயத்துக்கு அடியிலும் அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷம் அணையாமல் இருந்ததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மென்னா, உங்க முறை," என்றாள் லவ்ரி.

மென்னா தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். "முதல்ல ஒண்ணு. முப்பது வருஷமா தலை பாக்கறேன். இந்தப் பொம்பளைக்குச் சிவப்பு முடி கிடையாது. யாரோ அவசரத்துல சாயம் அடிச்சு விட்டிருக்காங்க."

ரோட்ரி சிரித்தான். க்ளெனிஸ் மேசையைப் பார்த்தாள்.

"ரெண்டாவது, டோரிஸ் நர்ஸைத் திட்டற இடம். அவ இவ்வளவு மரியாதையாத் திட்ட மாட்டா." எப்படித் திட்டுவாள் என்று மென்னா சொல்லிக்காட்டியதில் திருமதி பாரி காதைப் பொத்திக்கொண்டார். க்ளெனிஸுக்கு அந்த வசை அப்படியே வேண்டும்போல இருந்தது, ஒரு சொல்கூடச் சிந்தாமல்.

"மூணாவது." மென்னாவின் குரல் இறங்கியது. "இந்தத் தங்கச்சி எங்க இருக்கா? மூணாவது மாடியில, ஜன்னல் பக்கத்துல. அங்கேயிருந்து கீழே பாத்தா என்ன தெரியும்? காரோட கூரை தெரியும். அவ்வளவுதான். அப்புறம் உள்ள ரேடியோ ஓடுதுன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? சாண்ட்விச் தின்னுறான்னு யாரு சொன்னா? எழுதினவங்க மாடியிலேயே நின்னுக்கிட்டாங்க. ஒரு தடவை படி இறங்கிப்போய் அந்தக் கார் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம்."

லவ்ரி மேசையில் ஓங்கித் தட்டினாள். "பத்து வாரமா பார்வைக்கோணம் பார்வைக்கோணம்னு நான் தொண்டை கிழியச் சொன்னதை இவங்க ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாங்க!"

"அப்போ அவ கார்ல என்னதான் பண்ணிட்டிருந்தா?" ரோட்ரி மென்னாவைப் பார்த்துக் கேட்டான்.

"எனக்கு என்ன தெரியும்? எழுதினவங்களைக் கேளு."

எல்லோரும் க்ளெனிஸைப் பார்த்தார்கள். எட்டு வருடத்தில் அக்காவிடம் கேட்டிருக்க வேண்டியவள் அவள், பதில் தெரியாதவளும் அவள்தான். வாயைத் திறக்கவும் கூடாது. லவ்ரி தலையசைத்து விடுவித்தபோது அவளுக்கு வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"நன்றி," என்றாள், அக்காவைப் பார்த்து.

வெளியே மழை பிடித்திருந்தது. நூலகத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த காருக்கு இருவரும் தலையில் தாள்களைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மென்னா ஓட்டும் இருக்கையில் ஏறினாள், பெல்ட் போட்டாள், சாவியைத் திருகவில்லை. வேறு நாளாக இருந்தால் க்ளெனிஸ் அதற்குள் நாலு தப்பு கண்டுபிடித்திருப்பாள்.

"என்னடி, இன்னும் வாய்ப்பூட்டா?"

"கோபமா இருக்கியா, மென்னா?"

"மூணு புருஷன் கொடுத்தியே, அதுல ஒருத்தனாவது பாக்கற மாதிரி இருக்கக் கூடாதா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் க்ளெனிஸ் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். "கிழிச்சுப் போட்டுடறேன். நிஜமாத்தான் சொல்றேன். பிணத்தை வச்சே ஓட்டிக்கறேன்."

"வாயை மூடு. அந்தப் பிணத்தை எவன் படிப்பான்?"

மழை கூரைமேல் இரைந்தது. க்ளெனிஸ் மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள். "ரேடியோ ஓடலையா?"

மென்னா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "ஓடல. இப்படி உட்காரவும் இல்ல. அந்தப் பக்கத்து சீட்டுல தலையைச் சாய்ச்சுக் குனிஞ்சு கிடந்தேன். நீ மேல ஜன்னல்ல வந்து நின்னதைப் பாத்ததும்தான் குனிஞ்சேன். நீ கையை அசைச்சா அம்மா போயிட்டாங்கன்னு அர்த்தம்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். பாக்காம இருந்தா நீ அசைக்கல, அவ்வளவுதானே. ஒரு மணி நேரம் அம்மாவைப் புடிச்சு வச்சிருந்தேண்டி, அந்த சீட்டுக்கு அடியில."

க்ளெனிஸுக்குக் கண் நிறைந்தது. அன்று அவள் கை அசைக்கத்தான் அசைத்தாள், கீழே யாரும் பார்க்கவில்லை என்று ஆத்திரத்தோடு திரும்பியதும் நினைவிருந்தது. அக்காவைக் கட்டிக்கொள்ள இடது கையை நீட்டினாள். அதே நேரம் வலது கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவைத் துழாவிக்கொண்டிருந்தது. அதை அவளே பார்த்துவிட்டு, சுட்டுக்கொண்டவள் மாதிரி வெளியே இழுத்தாள்.

மென்னாவும் பார்த்திருந்தாள். சட்டைப் பையிலிருந்து தன் கடைப் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, முகத்தைத் திருப்பாமலே தங்கையிடம் நீட்டினாள். மூடி பல்லிடுக்கில் இருக்க, "அப்புறம் ஒரு நர்ஸ் வந்து கண்ணாடியைத் தட்டினா," என்று மேலே சொல்ல ஆரம்பித்தாள்.