கரித்தட்டின் கைப்பிடி

“ரூமுக்குள்ளயா?”

“ஆமாலா. பிள்ளய குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போட. சாந்தினி உன் தட்டை அப்படியே கங்கோட தூக்கிட்டுப் போறா. ‘கொட்டாங்குச்சி எரிக்கிற வேலை மிச்சம் அண்ணே’ன்னு ஒரே சிரிப்பு. உன் கைப்பிடிக்கு அங்க நல்ல பேருலா தினேஸ்.”

ரோய்ஸ்டன் கறிபாப்பைக் கடித்தபடியே சொன்னான். சாந்தினியிடம் சோதனைக்குக் கொடுத்திருந்த அடுப்பைப் பார்த்துவிட்டு, சுங்காய் ஊரிலிருந்து ஈப்போ பட்டறைக்கு அப்போதுதான் திரும்பியிருந்தான். சாந்தினியின் வீடு, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், இருந்தது.

தினேஸ்வரி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். அந்த அடுப்பை வடிவமைத்தவள் அவள். ரப்பர் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டுகளை நிரப்பி, மேலே பற்றவைத்தால் தீ மெல்லக் கீழே இறங்கும். சமையல் முடியும் நேரத்தில் சாம்பலுக்குப் பதிலாகக் கரி மிஞ்சி, அடியிலுள்ள தட்டில் சிவப்பாக விழும். அதை மூடியுள்ள டின்னில் கொட்டிக் காற்றில்லாமல் அணைக்க வேண்டும். முதல் தட்டில் கைப்பிடி கிடையாது. சாந்தினி விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் தினேஸ்வரி ஒரு மரக் கைப்பிடியை இழைத்துப் பொருத்தினாள். உள்ளங்கைக்கு அவ்வளவு இதமாக இருந்தது அது. அடுப்படியிலிருந்து எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

“ஜன்னல் திறந்திருந்துச்சா?”

“எங்க? பிள்ளைக்குக் காத்து ஆகாதுன்னு கண்ணாடிக்கு வெளிய பிளாஸ்டிக் ஒட்டி வச்சிருக்கா. நீ ஏன் முகம் மாறுற? கொஞ்சம்கூட புகை வரல. புகை இல்லாத அடுப்புன்னு நீதானே சொன்ன?”

“இப்ப என்ன பண்றா?”

“பிள்ளயோட தானும் கொஞ்சம் தூங்கப் போறேன்னா. நான் வழியில பீடோர்ல நின்னு இதை வாங்கிட்டு...” அவன் நிறுத்தினான். “என்னலா?”

“கங்குல இருந்து ஒரு வாயு வரும், ரோய். கண்ணுக்குத் தெரியாது. வாசமும் இருக்காது. மூடின ரூம்ல தூங்குறவங்க எழுந்திரிக்க மாட்டாங்க.”

சாந்தினியை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. அந்த அறை அவள் கண்ணில் தெரிந்தது. தலையணையோரம் விட்டு விட்டு ஒளிரும் ஃபோன், அந்த வெளிச்சத்தில் பாதி மூடிய சின்ன விரல்கள், சுவரோரம் அழகாகச் சிவந்திருக்கும் தட்டு. அணையாத கரி எப்படிச் சிவக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

“புருசன் நம்பர் இருக்கா?”

“தொழிற்சாலைல இருக்கான். உள்ள ஃபோன் கொண்டுபோக விடமாட்டாங்க.” ரோய்ஸ்டன் தன் ஃபோனைத் துழாவினான். “தாமான் முனையில மளிகைக் கடை இருக்கு. பத்துமலை அண்ணே கடை. பிடி, நம்பர் இருக்கு. நான் பொம்பாவுக்கு அடிச்சு தீயணைப்பு வண்டிய வரச் சொல்றேன்.”

பத்துமலை பேசிக்கொண்டே சாந்தினி வீட்டுக்கு மோட்டார்சைக்கிளில் போனார். ஃபோனில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“வந்துட்டேன் தங்கச்சி. கிரில் பூட்டியிருக்கு. பச்சப்பிள்ள வீடு. கத்தினா அந்தப் பொண்ணு என்னைய ஏசும்லா.”

“ஏசட்டும் அண்ணே. தட்டுங்க. பலமா தட்டுங்க!”

இரும்பில் இரும்பு மோதியது. சாவிக்கொத்தால் தட்டுகிறார். நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். மறுபடி தட்டினார்.

“பிள்ள அழுவுதா அண்ணே?”

“இல்லயே. சத்தமே இல்ல. நல்ல பிள்ளம்மா அது, அழுவாது.”

தினேஸ்வரி ஃபோனைக் காதோடு அழுத்தினாள். எதிரே ரோய்ஸ்டன் இன்னொரு ஃபோனில் வீட்டு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“பக்கவாட்டுல போங்க. பிளாஸ்டிக் ஒட்டின ஜன்னல் இருக்கும்.”

ஈர மண்ணில் செருப்பு சளக் சளக்கென்றது. பிறகு நின்றது.

“இருக்கு. உள்ள ஒண்ணும் தெரியல.”

“பிளாஸ்டிக்கக் கிழிச்சிட்டு கண்ணாடிய உடைங்க.”

“கண்ணாடியயா? அடுத்தவன் வீட்டுல போயி... தூங்கிட்டுதான் இருப்பாங்கம்மா. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமா?”

“கல்லு, கட்டை, எது கிடைச்சாலும் சரி. நான் பதில் சொல்லிக்கிறேன். உடைங்க அண்ணே.”

மறுமுனையில் மழை மட்டும் பெய்தது.

“அண்ணே, உடைங்க.”